காஞ்சி வயல்களும் சேப்பாக்கம் மாளிகையும்

தமிழ்நாட்டில் கோயில்கள் நின்ற அளவுக்கு அரண்மனைகள் நிற்கவில்லை. பல்லவர் தலைநகரான காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயில் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளைக் கடந்து நிற்க, அதை எடுப்பித்த மன்னர்கள் குடியிருந்த மாளிகையின் ஒரு சுவர்கூட இன்று நிலத்துக்கு மேலே இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்திலும் கோயில் நிற்கிறது. அரண்மனையோ மாளிகைமேட்டு அகழாய்வுக் குழிகளில் செங்கல் அடித்தளமாக மட்டுமே தென்படுகிறது. இறைவனின் இல்லம் கல்லாலும் அரசனின் இல்லம் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்டது இதற்கு ஒரு காரணம். வென்று வந்தவன் கோயிலுக்குக் கொடை அளித்துவிட்டு அரண்மனையை இடிப்பதைத் தன் வெற்றியின் அடையாளமாகக் கொண்டது இன்னொரு காரணம்.

17ஆம் நூற்றாண்டு முதலான அரண்மனைகளில் இன்று காணக் கிடைப்பவை பெரும்பாலும் அரசாங்கம் உள்ளே வந்து அமர்ந்ததால் பிழைத்தவை. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் நெடுங்காலம் நீதிமன்றம் நடந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னரின் புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இருக்கிறது. சென்னைக் கடற்கரையையொட்டிய சேப்பாக்கம் அரண்மனை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசுத் துறைகளின் இருப்பிடமாக விளங்கி வருகிறது. இவற்றுள் சேப்பாக்கத்தின் வரலாறே அதிகச் சிக்கல் கொண்டது, ஏனெனில் அது கட்டடக்கலையின் வரலாறாக இருப்பதைவிட நிலவரியின், கடனின் வரலாறாகவே பெரிதும் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்காமல் காஞ்சிபுரத்தின் விளிம்பிலுள்ள ஏனாத்தூர் போன்ற ஊர்களிலிருந்து தொடங்கினால்தான் மாளிகையின் பொருள் சரியாக விளங்கும்.

ஏனாத்தூரிலிருந்து கிழக்கே போனால் பாலாற்றங்கரையில் வாலாஜாபாத் இருக்கிறது. அவ்வூர் தாங்கி நிற்பது ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டப்பெயரான ‘வாலாஜா’ என்பதை. ராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வாலாஜாபேட்டையும், சேப்பாக்கத்தில் அரண்மனைக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் பக்கத்தில் ஓடும் வாலாஜா சாலையும் அதே மனிதரின் நினைவையே சுமக்கின்றன. தக்காணத்து நிஜாமுக்குக் கட்டுப்பட்டு, முகலாயப் பேரரசின் பெயரால் கர்நாடகம் எனப்பட்ட கிழக்குக் கடற்கரை நாட்டை ஆண்ட ஆட்சியாளர்களே ஆற்காடு நவாபுகள். அந்தப் பதவிக்கு 1749 முதல் நடந்த வாரிசுப் போரில் சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆதரித்தனர். 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கியது பள்ளிப் பாடநூல்கள் வரை வந்துவிட்டது. ஆனால் அதே போரில் பிரெஞ்சுப் படையினர் காஞ்சிபுரத்தின் கோயில் மதிலுக்குள் புகுந்து அதைக் கோட்டையாக்கிக்கொண்டதும், அங்கிருந்து அவர்களைக் கிளைவ் வெளியேற்ற நேர்ந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முகமது அலியின் அரியணைக்கான போர் நடந்த களங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அதற்கான விலையும் காஞ்சிபுரத்திடமே வாங்கப்பட்டது.

அந்த விலையின் பெயர் ஜாகீர். ஒரு நிலப்பகுதியின் வரி வருவாயை, செய்த பணிக்கு ஈடாகவோ படைச் செலவுக்காகவோ, ஒருவருக்கு ஒதுக்கித் தருவதையே முகலாய ஆட்சி முறையில் ஜாகீர் என்றனர். 1763இல் முகமது அலி, காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள் அடங்கிய அந்த ஒதுக்கீட்டை முகலாயப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் உறுதிசெய்தார். கம்பெனியோ உடனே ஊர்களுக்குள் இறங்கி வரி வசூலிக்கவில்லை; அதற்கான ஆட்களும் அதனிடம் இல்லை, கணக்குகளும் இல்லை. எனவே ஜாகீரைக் கொடுத்த நவாபுக்கே அதைக் குத்தகைக்கு விட்டது. இவ்வாறு, காகிதத்தில் கம்பெனிக்கு உரியதாகவும் களத்துமேட்டில் நவாபின் அமில்தார்கள், அதாவது வரி வசூல் அதிகாரிகள், வந்து நிற்பதாகவும் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்கள் 1780 வரை இரட்டை எசமானர்களின் கீழ் இருந்தன.

சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது இந்தக் குத்தகைக் காலத்தின் தொடக்கத்தில், 1764 முதல் 1768 வரையிலான ஆண்டுகளில். போரில் சீரழிந்த ஆற்காட்டைவிடத் தன்னைக் காக்கும் ஆங்கிலேயரின் அண்மையே பாதுகாப்பானது என்று கருதிய முகமது அலி, முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே மாளிகை கட்டிக்கொள்ள விரும்பினார், கம்பெனியும் இசைந்தது, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. கோட்டைக்குள் ‘அரண்மனைத் தெரு’ என்ற பெயர் மட்டும் கட்டப்படாத அந்த மாளிகையின் எச்சமாக நின்றுவிட்டது. அதன்பின் கூவம் ஆற்றுக்குத் தெற்கே தனியாரிடமிருந்து நிலங்களை வாங்கி, ஏறத்தாழ 117 ஏக்கர் வளாகத்தில் அவர் தம் மாளிகையை எழுப்பினார். கோட்டையின் பீரங்கிகளுக்கு எட்டும் தொலைவில் ஓர் அரசன் தானே விரும்பிக் குடியேறியது அவருடைய ஆட்சியின் இயல்பைப் பற்றி நிறையச் சொல்கிறது.

மாளிகை இரண்டு பெரும் பகுதிகளைக் கொண்டது. தெற்கே இரண்டு தளங்களுடன் கலச மகால். வடக்கே அரசவை கூடும் மண்டபத்தைக் கொண்ட ஹுமாயூன் மகால். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு மரமும் கொண்டு, முகலாயப் பாணி வளைவுகளையும் ஐரோப்பியத் தூண் வரிசைகளையும் கலந்து கட்டப்பட்ட இதை, பிற்காலத்தில் ‘இந்தோ-சாரசெனிக்’ என்று பெயர் பெற்ற கலப்புப் பாணியின் முன்னோடியாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பலர் காண்கின்றனர். இதைக் கட்டியவர் கம்பெனியின் பணியிலிருந்த பால் பென்ஃபீல்டு என்று பொதுவாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவர் கட்டினாரோ இல்லையோ, மாளிகையின் விதியைத் தீர்மானித்தவர்களில் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை. ஏனென்றால் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் அவர்.

ஆற்காடு நவாபின் கடன் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசியலின் மிகப் பெரிய ஊழல்களில் ஒன்று. போர்ச் செலவுக்காகக் கம்பெனிக்குத் தர வேண்டிய பணத்தை நவாப், கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடனாக வாங்கினார். தொடக்கத்தில் 36 விழுக்காடு வரை போய் பின்னர் 25, 20 என்று இறங்கிய வட்டிக்கு ஈடாக, வரப்போகும் அறுவடையின் வரி வருவாயை ஊர் ஊராகக் கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய கம்பெனி எழுத்தர்கள் பல்லாயிரம் பவுண்டுக்கு உரிமை கொண்டாடினர். அந்தப் பணத்தைக் கொண்டு இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இடங்களையும் வாங்கினர். 1773இல் தஞ்சை மராத்திய அரசை நவாபின் பெயரால் கம்பெனிப் படை கைப்பற்றியதன் பின்னணியில் இக்கடன்களே இருந்தன. 1776இல் தஞ்சையை மன்னருக்குத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த நாட்டு விளைச்சலின் மேல் தமக்கு உரிமை இருப்பதாகப் பென்ஃபீல்டு வாதிட்டார். அந்தத் தகராறில் சென்னை ஆளுநர் பிகோ பிரபு தம் சொந்த ஆலோசனைக் குழு உறுப்பினர்களாலேயே சிறைவைக்கப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். 1785 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரை ஆங்கில உரைநடையின் செல்வங்களில் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் கடன்கள் தள்ளுபடியாகவில்லை. கடன்களை ஆராய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட ஆணையத்தின் முன் 3 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகைக்கு உரிமை கோரப்பட்டது. பல்லாண்டு விசாரணைக்குப் பின் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே நியாயமானது என்று ஏற்கப்பட்டது. மீதமுள்ளது எவ்வளவு துணிச்சலான கற்பனை என்பதை அந்த விகிதமே காட்டுகிறது.

இந்தக் கணக்கின் மறுபக்கம் வயலில் இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர், ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்த விவரங்களே அதற்கு அடிப்படை: எத்தனை வீடுகள், அவற்றுள் உழவர் எத்தனை, நெசவாளர் எத்தனை, ஏரி எவ்வளவு நிலத்துக்குப் பாய்கிறது, விளைந்த நெல்லில் கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கும் எத்தனை மரக்கால் போகிறது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. வரி கணக்கிடுவதற்கு முன்பே களத்தில் பிரித்துக் கொடுக்கப்பட்ட இந்தப் பங்குகளை ‘மேரை’ என்றும் ‘சுதந்திரம்’ என்றும் வழங்கினர். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் 1960களில் இந்தப் பதிவேடுகளைத் தேடிக் கண்டெடுத்து, கம்பெனிக்கு முந்தைய ஊராட்சி எவ்வாறு இயங்கியது என்பதற்கான சான்றாக முன்வைத்தார், ஜே.கே. பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் ஆகியோர் பின்னர் அவற்றை விரிவாக ஆராய்ந்தனர். தரம்பாலின் முடிவுகளில் பழங்காலத்தை மெருகேற்றிப் பார்க்கும் சாய்வு உண்டு. மேரை எல்லாருக்கும் கிடைத்தது என்பதால் எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. ஆயினும், ஒரு மாளிகை கட்டப்பட்ட அதே ஆண்டுகளில் அதற்கு வரி செலுத்திய ஊர்கள் எப்படி இருந்தன என்பதை வீடுவீடாகக் காட்டும் ஆவணம் உலகில் பல இடங்களில் கிடைப்பதில்லை. காஞ்சிபுரத்துக்குக் கிடைத்திருக்கிறது.

பர்னார்டு கணக்கெடுத்து முடித்த சில ஆண்டுகளிலேயே அவர் எழுதிய ஊர்கள் பலவும் சூறையாடப்பட்டன. 1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை அழிக்கப்பட்டபோது, தளபதி ஹெக்டர் மன்றோ சற்றுத் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. எதிரிக்குத் தானியமும் தண்ணீரும் கிடைக்கக் கூடாது என்பதற்காகவும், கிடைத்ததைக் கொள்ளையிடவும், இரு தரப்புப் படைகளும் ஜாகீரைப் பாழாக்கின. ஏரிகள் உடைந்தன, குடிகள் சிதறின. கம்பெனி நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது இப்படி வெறுமையான நிலத்தைத்தான். 1794இல் ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்தார், காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்திலும் திருவிழாக்களிலும் அக்கறை காட்டினார், நிலவுரிமையாளர்களான மிராசுதாரர்களோடு கடுமையாக மோதினார். அவருடைய நோக்கம் வரி; கோயில் நடந்தால் ஊர் நடக்கும், ஊர் நடந்தால் வரி வரும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

இதற்கிடையில் சேப்பாக்கத்தில் ஆட்சியின் சாரம் கரைந்துகொண்டே வந்தது. 1795இல் முகமது அலி இறந்தார். மகன் உம்தத்-உல்-உமரா பதவிக்கு வந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் ஆவணங்களில் நவாபின் கடிதங்கள் கிடைத்ததாகவும், அவை துரோகத்தைக் காட்டுவதாகவும் கம்பெனி கூறியது. 1801 ஜூலையில் நவாப் மரணப் படுக்கையில் இருந்தபோதே கம்பெனிப் படைகள் அரண்மனை வாயிலைத் தம் காவலில் எடுத்துக்கொண்டன. ஜூலை 15ஆம் நாள் அவர் இறந்தார். ஆட்சியை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவருடைய வாரிசு அலி உசேன் மறுத்தார். மறுக்காத உறவினரான அசீம்-உத்-தௌலா நவாப் ஆக்கப்பட்டார். அம்மாத இறுதியில் கையெழுத்தான கர்நாடக உடன்படிக்கை, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை நவாபுக்கு ஒதுக்கி, நாட்டைக் கம்பெனிக்குத் தந்தது. இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்குள் போனது போர்க்களத்தில் அல்ல, சேப்பாக்கத்தில் நடந்த இந்த வாரிசு மாற்றத்தால்தான்.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன், 1801 ஜூன் 16ஆம் நாள், கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட சின்ன மருது வெளியிட்ட பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகைச் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடங்கொடுத்த முகமது அலியின் அறியாமையையும் அதில் அவர் சாடியிருந்தார். ஒட்டுவதற்கு அரண்மனைச் சுவரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கூர்மை இருக்கிறது: கம்பெனியை எதிர்த்தவர்களின் பார்வையில் நவாப் ஆட்சியை இழந்தவர் மட்டுமல்லர், அதை ஒப்படைத்தவரும் ஆவார்.

1801க்குப் பின் அரை நூற்றாண்டு சேப்பாக்கம் ஆட்சியற்ற அரசவையாக நடந்தது. கடைசி நவாப் குலாம் முகமது கௌஸ்கான் பாரசீகக் கவிஞர். அவருடைய அவை புலவர்களால் நிறைந்திருந்தது. 1855இல் அவர் மகப்பேறின்றி இறந்ததும், நேரடி வாரிசு இல்லாத அரசுகளைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் கொள்கைப்படி நவாப் பட்டமே ஒழிக்கப்பட்டது. அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்து, 1850களின் இறுதிக்குள் அரசாங்கத்தின் கைக்கே போனது.

இதற்கு இணையான மற்றொரு கட்டடத்தின் கதை வேடிக்கையானது. ராயப்பேட்டையில் கம்பெனி தன் அலுவலகங்களுக்காக 1798இல் கட்டிய கட்டடம் பிற்காலத்தில் காவல் நீதிமன்றமாக இருந்தது. 1867இல் விக்டோரியா அரசி, கௌஸ்கானின் சிற்றப்பா அசீம் ஜாவுக்கு ‘ஆற்காடு இளவரசர்’ என்ற பட்டத்தையும் மரபு வழியான ஓய்வூதியத்தையும் அளித்தபின், அந்தக் கட்டடம் மாற்றியமைக்கப்பட்டு, 1876இல் இளவரசர் குடும்பம் அங்கே குடியேறியது. அதுதான் அமீர் மகால். அரண்மனை அலுவலகமாகவும், அலுவலகம் அரண்மனையாகவும் இடம் மாறிக்கொண்டன. மன்னர் மானியங்கள் 1971இல் ஒழிக்கப்பட்டபோதும், ஆள்பவர் என்ற தகுதியில் அல்லாமல் தனி ஆணையின் வழி வந்ததால் இந்த ஓய்வூதியம் தொடர்ந்தது. அமீர் மகாலின் பராமரிப்பையும் மத்தியப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்கிறது.

அரசாங்கத்தின் கைக்கு வந்த சேப்பாக்கத்தை வடிவம் மாற்றியவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம். மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் வடிவமைத்த அந்தக் கட்டடக்கலைஞர், 1860களின் பிற்பகுதியில் இரண்டு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரத்தை எழுப்பி, கடலை நோக்கி ஹுமாயூன் மகாலுக்குப் புது முகப்பும் கொடுத்தார். இந்தியக் கட்டடங்களுக்கு இந்தியப் பாணியே ஏற்றது என்று வாதிட்ட ஆளுநர் நேப்பியர் பிரபுவின் ஆதரவு அவருக்கு இருந்தது. திருமலை நாயக்கர் மகாலின் சீரமைப்பும் இவ்விருவரின் கூட்டு முயற்சியே. வளாகம் துண்டு துண்டாகியது. 1860களின் நடுவில் மதராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு அதன் ஒரு பகுதி விளையாட்டு மைதானமாகக் கிடைத்தது. கடல் பக்கத்தில் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடம் எழுந்து அரண்மனையைக் கடற்கரைச் சாலையின் பார்வையிலிருந்து மறைத்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி 1862இல் கலச மகாலுக்கு வந்து, கிண்டிக்குப் போகும்வரை, அதாவது 1920 வரை, அங்கேயே நடந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வருவாய் வாரியம் இங்கே வந்து அமர்ந்தது. 1786இல் நிறுவப்பட்டு, மாகாணம் முழுவதன் நிலவரி நிர்வாகத்துக்கும் தலைமையாக இருந்த வாரியம் அது. நவாபின் கஜானாவுக்கு வரி வந்த இடத்திலேயே ஆங்கிலேய அரசின் வரியும் கணக்கிடப்படலாயிற்று. மாறியது எசமானர் மட்டுமே. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகள் வந்து குவிந்தது இந்த வாரியத்திடம்தான். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், நிலமற்ற பறையர் மக்களின் நிலையை விவரித்து எழுதிய அறிக்கையும் வாரியத்தின் பரிசீலனைக்குப் போயிற்று. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே, ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு மற்றவருக்கு விற்கக் கூடாத ‘பஞ்சமி நிலம்’ என்ற ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது. அந்த நிலங்கள் பின்னர் எப்படியெல்லாம் கைமாறின என்பது இன்றும் தீராத வழக்கு.

வாரியம் 1980இல் சட்டத்தால் கலைக்கப்பட்டது. அதன் பணிகள் ஆணையரகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆனால் முகவரி மாறவில்லை. நில நிர்வாக ஆணையரகமும் வருவாய் நிர்வாகமும் அரண்மனை வளாகத்தில் எழுந்த எழிலகத்தில் இயங்குகின்றன. நில அளவை இயக்ககமும் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. ஏனாத்தூரில் ஒரு பட்டா தகராறு வட்டாட்சியரையும் கோட்டாட்சியரையும் மாவட்ட வருவாய் அலுவலரையும் தாண்டி மேல்முறையீடாக நீண்டால், அது போய்ச் சேருவது, பர்னார்டின் காலத்தில் அதே நிலத்தின் குத்தகைதாரர் மாளிகை கட்டிக்கொண்ட அதே சேப்பாக்கத்துக்குத்தான்.

அரசு அலுவலகமானதால் மாளிகை பிழைத்தது என்பது உண்மை. சீரழிந்ததும் அதனால்தான் என்பது அதைவிடக் கசப்பான உண்மை. கட்டடத்தை வரலாறாகக் காணாத, சதுர அடியாக மட்டுமே காணும் அலுவலகப் பார்வையில் மண்டபங்கள் தடுப்புகளால் கூறுபோடப்பட்டன. சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமென்ட் பூசப்பட்டது. மின்கம்பிகள் தேக்கு உத்தரங்களில் கொடியாகப் படர்ந்தன. கோப்புகள் தரையிலிருந்து கூரை வரை ஏறின. 2012 ஜனவரி 16ஆம் நாள், பொங்கல் விடுமுறையின்போது, தொழில் வணிகத் துறை உள்ளிட்ட அலுவலகங்கள் இருந்த கலச மகாலில் தீப்பிடித்துக் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் படுகாயமடைந்தனர். இரண்டரை நூற்றாண்டு நின்ற கூரை ஓரிரவில் போயிற்று. ஹுமாயூன் மகாலோ தீப்பிடிக்காமலேயே, கவனிப்பாரின்றி, கூரை சரிந்து சுவரில் மரம் முளைத்துக் கிடந்தது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் வெல்லாமல் போனது தமிழ்நாட்டின் நற்பேறு. பொதுப்பணித் துறையில் தொன்மைக் கட்டடங்களுக்கென்று உருவான பிரிவு கலச மகாலைப் பழைய முறையிலேயே மீட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து, ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் கூரை முறை ஆகியவை திரும்பி வந்தன. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகக் குறுக்குவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பதே அந்த முறை. இரண்டு தலைமுறைக்கு முன் சென்னையின் எந்தக் கொத்தனாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. அதைத் தேடித் தேடிக் கற்றுக்கொள்ள நேர்ந்தது, மரபை அறியாமல் அல்ல, அறிந்தே கைவிட்டதன் விளைவு. மீண்ட கலச மகாலில் இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. அடுத்து ஹுமாயூன் மகாலும் சீரமைக்கப்பட்டு, அங்கே விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு வெளிவந்தது.

அரசாங்கம் அரண்மனையைவிட்டு வெளியேறி மக்களை உள்ளே விடுவது புதுமையன்று. பாரிசில் லூவர் அரண்மனையின் ஒரு சிறகில் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரான்சின் நிதி அமைச்சகம் இருந்தது. 1989இல் அது பெர்சிக்கு இடம்பெயர்ந்தபின், 1993இல் அந்தச் சிறகும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வரி கணக்குப் பார்த்தவர்களை எழுப்புவதே அங்கும் கடினமாக இருந்தது. மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் மாளிகை, ஆட்சியரின் குடியிருப்பாக இருந்த காலம் முடிந்து, 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகமானது. புதுக்கோட்டையின் நிலை வேறு: 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த மன்னர், தம் அரண்மனையை அரசுக்கு அளித்தார், அது பறிக்கப்பட்டதன்று, கொடுக்கப்பட்டது. மாவட்ட மக்கள் மனுவோடு நாள்தோறும் நுழையும் அலுவலகமாக அது இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. எல்லா அரண்மனைகளும் அருங்காட்சியகமாக வேண்டும் என்பதில்லை.

சேப்பாக்கத்தில் கேள்வி வேறு. ஹுமாயூன் மகாலில் வரப்போகும் அருங்காட்சியகம், தியாகிகளின் படங்களையும் வாளையும் செக்கையும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதோடு நின்றால், தான் நிற்கும் கட்டடத்தைப் பற்றியே வாய் திறக்காத அருங்காட்சியகமாகிவிடும். எதிலிருந்து விடுதலை என்பதற்கு அந்தச் சுவர்களே சாட்சி: 1763இன் ஜாகீர் ஆவணம், கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த வரி ஒதுக்கீடுகள், 1801 உடன்படிக்கை, அதற்குச் சற்று முன் கம்பெனியை எதிர்த்துச் சின்ன மருது வெளியிட்ட பிரகடனம் ஆகிய நான்கும் ஒரே கூடத்தில் அருகருகே வைக்கப்பட வேண்டியவை. ஆட்சி எவ்வாறு கைமாறியது என்பதைப் போர்க்கள ஓவியங்களைவிடத் தெளிவாக அவை காட்டும். முகமது அலியை வெறும் கைப்பாவையாகவோ வெறும் புரவலராகவோ தீட்டும் சோம்பலுக்கும் அங்கே இடம் இருக்காது. அவர் கடன் வாங்கியதும், சைவ வைணவக் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் கொடை அளித்ததும் ஒரே கஜானாவிலிருந்துதான்.

அவற்றோடு பர்னார்டின் கணக்கெடுப்பும் வேண்டும். அதன் ஆங்கிலப் பதிவேடுகள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவற்றை ஊர்வாரியாகத் தமிழில் பதிப்பிப்பது கட்டடச் சீரமைப்புக்கு ஆன செலவில் ஒரு சிறு பகுதிக்குள் முடியும் வேலை. பதிப்பித்தால், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஒவ்வோர் ஊராட்சியும், 1770 வாக்கில் தன் எல்லைக்குள் எத்தனை தறிகள், எத்தனை ஏர்கள், ஏரியின் எந்த மதகு எவ்வளவு நிலத்துக்குப் பாய்ந்தது என்பதைத் தன் சொந்த ஆவணமாக வைத்துக்கொள்ள முடியும். ஏரிகளின் ஆக்கிரமிப்பு வழக்குகள் விசாரிக்கப்படும் பசுமைத் தீர்ப்பாயம் பக்கத்துக் கட்டடத்திலேயே அமர்ந்திருப்பதால், அந்தப் பதிப்பின் முதல் பயனாளிகளில் ஒன்றாக அதுவே இருக்கக் கூடும்.

2012இல் இயற்றப்பட்ட மாநில மரபு ஆணையச் சட்டம், பல ஆண்டுகள் தாமதத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணையத்தின் முன்னுள்ள பணிகளில், அரசுத் துறைகள் குடியிருக்கும் பழைய அரண்மனைகளுக்கும் கச்சேரிகளுக்கும் மின்சாரம், தீத்தடுப்பு, கூரை ஆகியவற்றின் ஆண்டுத் தணிக்கையை முதலில் கட்டாயமாக்க வேண்டும். தணிக்கை அறிக்கையைக் கட்டடத்தைக் காக்கும் பொதுப்பணித் துறையிடம் மட்டுமல்லாமல், அதைப் பயன்படுத்தும் துறையின் செயலரிடமும் ஒப்படைத்து, குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பையும் அவர் பெயரிலேயே எழுத வேண்டும்.